ஜார்ஜ்டவுன் மாநகர் மன்றத் தேர்தல்கள் (1857–1965): விவரம் தெரிந்தவர்கள் எழுதுங்கள்

தீக்குஸ் வாசகன்:

அனைவருக்கும் வணக்கம். மலேசியாவின் பினாங்குத் தீவில், ஜார்ஜ்டவுனின் பூலாவ் தீக்குஸ் பக்கம் ஜாலான் டி.எஸ். ராமநாதன் என்று ஒரு சாலை இருக்கிறது. பழைய ஆட்கள் இன்னும் ஸ்காட் ரோடு என்றுதான் சொல்கிறார்கள். அந்த ராமநாதன் யார் என்று வீட்டில் கேட்டால் "பழைய மேயர்" என்பதோடு பேச்சு முடிந்துவிடுகிறது. கொஞ்சம் தேடியபோதுதான் அவர் தேர்தல் வழியாக வந்த மேயர் என்று தெரிந்தது. எனக்கு வயது முப்பதுக்குள்தான். ஊராட்சி மன்றத்துக்குத் தேர்தல் நடந்த காலம் ஒன்று இந்த நாட்டில் இருந்தது என்பதே எனக்குப் புதுச் செய்தி. நாடாளுமன்றத்துக்கும் சட்டமன்றத்துக்கும் வாக்களிக்கிறோம், குப்பை அள்ளுகிற மன்றத்துக்கு மட்டும் ஏன் நியமனம் என்று இதுவரை யோசித்ததும் இல்லை.

அந்தத் தேர்தல்கள் எப்போது தொடங்கின? யார் ஜெயித்தார்கள்? ஏன் நின்றன? பினாங்குக்காரர்கள் யாராவது வரிசையாகச் சொன்னால் நன்றாக இருக்கும்.

தஞ்சோங் பெரியவர்:

தம்பி, நல்ல இழை. சொல்ல ஆரம்பித்தால் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதல் தேர்தல் நீங்கள் நினைப்பதைவிட மிகப் பழையது. 1857. அப்போது பினாங்கு கல்கத்தாவின் ஆட்சியில் இருந்தது. கிழக்கிந்தியக் கம்பெனியார் இயற்றிய 1856-ஆம் ஆண்டின் முனிசிபல் சட்டம் இங்கும் பொருந்தியதால், கமிஷனர்களில் சிலரை வரி கட்டுகிறவர்களே தேர்ந்தெடுத்தார்கள். வாக்குரிமை பெரிய கட்டடக்காரர்களுக்கும் வியாபாரிகளுக்கும்தான். கூலிக்கு வந்த நம் ஆட்களுக்கு அதில் இடம் எங்கே? எப்படியோ அந்த முறை அரை நூற்றாண்டுக்கு மேல் ஓடியது. பிறகு 1913-இல் நீரிணைக் குடியேற்றங்களுக்கு வந்த முனிசிபல் சட்டம் தேர்தலை எடுத்துவிட்டது. அதிலிருந்து 1951 வரை எல்லாம் நியமனம். ஆக, இந்த ஊரில் தேர்தல் ஒருமுறை அல்ல, இரண்டு முறை பறிபோயிருக்கிறது. முதல்முறை பறித்தவன் வெள்ளைக்காரன்.

1951 டிசம்பர் 1, சனிக்கிழமை. போருக்குப் பிந்தைய மலாயாவில் நடந்த முதல் தேர்தல் அதுதான். கோலாலம்பூருக்கு இரண்டரை மாதம் முன்பே நாங்கள் வாக்குப் போட்டுவிட்டோம் என்று அப்பா கடைசிவரை பெருமை பேசுவார். தஞ்சோங், ஜெலுத்தோங், கெலாவெய் என்று மூன்று வட்டாரங்கள், ஒவ்வொன்றிலும் மூன்று இடம், மொத்தம் ஒன்பது. மன்றத்தில் பதினைந்து பேர், மீதி ஆறு பேர் நியமனம். ராடிக்கல் கட்சி ஆறு இடங்களைப் பிடித்தது. தொழிற்கட்சிக்கு ஒன்று, அம்னோவுக்கு ஒன்று, சுயேச்சைக்கு ஒன்று.

அந்த ராடிக்கல் கட்சியின் தலைவர் டாக்டர் லிம் சோங் யூ. பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், கதையின் பின்பகுதியிலும் வருவார்.

பட்டர்வொர்த் கரையோரம்:

அவர் பின்பகுதியில் வராத பினாங்குக் கதை ஏதாவது இருக்கிறதா பெரியவரே?

தீக்குஸ் வாசகன்:

மிக்க நன்றி ஐயா. ராமநாதன் எப்போது வருகிறார்?

தஞ்சோங் பெரியவர்:

வருகிறார், வருகிறார்.

அந்தக் காலத்து முறையைச் சொல்ல வேண்டும். ஒவ்வொரு ஆண்டும் மூன்றில் ஒரு பங்கு உறுப்பினர்கள் ஓய்வு பெறுவார்கள், அந்த இடங்களுக்கு மட்டும் தேர்தல். ஆண்டுக் கடைசி வந்தால் ஊரில் தேர்தல் வாடை அடிக்க ஆரம்பித்துவிடும். லாரியில் ஒலிபெருக்கி கட்டிக்கொண்டு ஹொக்கியன், மலாய், தமிழ் மூன்றிலும் மாற்றி மாற்றிக் கூவுவார்கள். டத்தோ கிராமாட் பக்கம் முனிசிபல் தொழிலாளர் குடியிருப்புக்கு வந்தால் மட்டும் தமிழ்க்காரர் கையில் மைக் போகும். மைக்கைப் பிடித்தவர் விடமாட்டார். குழந்தைகள் நாங்கள் லாரிக்குப் பின்னால் ஓடுவோம், துண்டறிக்கை பொறுக்குவதற்கு. பின்பக்கம் வெள்ளையாக இருக்கும், கணக்குப் போட உதவும்.

நியமன இடங்கள் போய் மன்றம் முழுக்கத் தேர்தலால் அமைந்தது 1956 கடைசியில். மலாயாவில் முழுவதும் தேர்ந்தெடுக்கப்பட்ட முதல் மன்றம் இதுதான். அப்போது தொழிற்கட்சி முன்னுக்கு வந்தது. 1957 ஜனவரி 1-ஆம் தேதி எலிசபெத் மகாராணி ஜார்ஜ்டவுனுக்கு மாநகர் தகுதி கொடுத்தார். நாட்டுக்கு மெர்டேக்கா, அதாவது சுதந்திரம், வருவதற்கு எட்டு மாதம் முன்பு! முதல் மேயராக வந்தவர் டி.எஸ். ராமநாதன். பள்ளி ஆசிரியர், தொழிற்கட்சிக்காரர். சீனர்கள் பெரும்பான்மையாக இருந்த ஒரு நகரத்தின் முதல் மேயர் தமிழர். இதைப் பற்றி அன்று பெரிதாக யாரும் அலட்டிக்கொண்டதாக எனக்கு நினைவில்லை. இன்று அப்படி ஒன்று நடந்தால் ஒரு வாரம் தொலைக்காட்சியில் விவாதம் ஓடும்.

1961 வரை அவர். பிறகு ஊய் தியாம் சியூ, 1964-இலிருந்து சூய் யூ சோய். இந்த மூன்று பேரோடு தேர்தல் வழி வந்த மேயர்களின் பட்டியல் முடிந்தது.

சட்டக்கண்:

ஒரு சிறு திருத்தம், தலைப்பை வைத்து வருகிறவர்களுக்காக. மக்கள் மேயரை நேரடியாகத் தேர்ந்தெடுக்கவில்லை. வாக்காளர் உறுப்பினர்களைத் தேர்ந்தெடுத்தார்கள், உறுப்பினர்கள் தங்களுக்குள் ஒருவரை மேயராக்கினார்கள். பிரிட்டிஷ் முறை. "மேயர் தேர்தல் வேண்டும்" என்று இன்று கேட்கிறவர்களில் பலர் நேரடித் தேர்தலை மனத்தில் வைத்துப் பேசுகிறார்கள். 1965-க்கு முந்தைய முறையைத் திரும்பக் கொண்டுவந்தால் மன்ற உறுப்பினர்களுக்குத்தான் வாக்களிப்போம்.

நடைமுறைக்காரன்:

பழங்கதை கேட்க இனிப்பாகத்தான் இருக்கிறது. ஆனால் யாரும் சொல்லாத ஒன்றை நான் சொல்கிறேன். அந்த மன்றங்கள் ஏன் மூடப்பட்டன? நிர்வாகச் சீர்கேடு. ஜார்ஜ்டவுன் மன்றத்தின் மீதே குற்றச்சாட்டு எழுந்து, 1966-இல் மாநில அரசு அதன் பொறுப்புகளை எடுத்துக்கொண்டது. ஜொகூர் பாரு, செரம்பான் கதையும் அதேதான். ஆண்டுதோறும் தேர்தல் என்றால் உறுப்பினர் எப்போது வேலை பார்ப்பார்? ஆண்டு முழுக்கப் பிரச்சாரம்தான். நியமன முறையில் குறை உண்டு, மறுக்கவில்லை. ஆனால் பொறியாளரையும் கணக்காளரையும் நியமிக்கலாம். தேர்தலில் அவர்கள் நிற்பார்களா?

பட்டர்வொர்த் கரையோரம்:

பொறியாளரையும் கணக்காளரையும் நியமிக்கிறார்களா? எங்கள் வட்டாரத்தில் கட்சிக் கிளைத் தலைவர்களைத்தான் நியமித்துப் பார்த்திருக்கிறேன். வீட்டு முன்னால் கால்வாய் அடைத்துக்கொண்டபோது எங்கள் பகுதி உறுப்பினர் யார் என்று கண்டுபிடிக்கவே முடியவில்லை. கடைசியில் சட்டமன்ற உறுப்பினரின் சேவை மையத்துக்குப் போனேன். அங்கே இருந்த பையன்தான் சொன்னான், "உங்கள் கவுன்சிலர் போன தவணையோடு மாறிவிட்டார், புதியவர் பெயர் எனக்கும் தெரியாது" என்று. ஒரு நாட்டின் மூன்றாவது அடுக்கு அரசாங்கம் இது!

தஞ்சோங் பெரியவர்:

நடைமுறைக்காரரே, குற்றச்சாட்டு எழுந்தது உண்மை. ஆனால் தேதிகளை வரிசையாக வையுங்கள்.

தேர்தல் நிறுத்தப்பட்டது 1965 மார்ச் 1-ஆம் தேதி. பிரதமர் துங்கு அப்துல் ரகுமான் நாடாளுமன்றத்தில் அறிவித்தார். காரணமாகச் சொல்லப்பட்டது இந்தோனேசியாவின் கொன்ஃபுரோந்தாசி, அதாவது மலேசியாவை எதிர்த்து அது நடத்திய மோதல். சீர்கேடு என்று அன்று சொல்லவில்லை. அமைதி திரும்பிய மறுகணமே தேர்தல் நடக்கும் என்று அந்த அவையிலேயே வாக்கும் கொடுத்தார். 1966 ஆகஸ்டில் ஜகார்த்தாவில் ஒப்பந்தம் கையெழுத்தானது, சண்டை ஓய்ந்தது. தேர்தல் வரவில்லை. ஜார்ஜ்டவுன் மன்றத்தைப் பினாங்கு அரசு எடுத்துக்கொண்டதும் அதே 1966. முதலில் தேர்தல் நின்றது, பிறகு மன்றம் போனது, சீர்கேடு என்கிற காரணம் அதற்குத் துணையாக வந்து சேர்ந்தது.

இன்னொன்றையும் பார்க்க வேண்டும், யார் யாரிடமிருந்து எடுத்தது என்று. 1959 சட்டமன்றத் தேர்தலில் பினாங்கின் 24 இடங்களில் அம்னோவும் மசீசவும் (மலாயா சீனர் சங்கம்) இருந்த கூட்டணிக் கட்சிக்கு 17, தொழிற்கட்சி இருந்த சோசலிச முன்னணிக்கு 7. மாநிலம் கூட்டணியின் கப்பல் சின்னத்தின் கையில், நகரம் சோசலிச முன்னணியின் கையில். 1964-இல் கூட்டணி 18 ஆனது, முன்னணி 2 ஆனது. அப்போதும் நகர மன்றத்தில் முன்னணிதான். அதே வாக்காளர் மாநிலத்துக்கு ஒருவரையும் நகரத்துக்கு வேறொருவரையும் வைத்திருந்தார். அவருக்கு இரண்டு அரசாங்கத்தின் வேலையும் வேறு வேறு என்று தெரிந்திருந்தது. நகர எல்லைக்கு வெளியே இருந்த தொகுதிகளும் ஒரு காரணம்தான், அதையும் சேர்த்தே சொல்கிறேன்.

பணத்தைப் பார்த்தால் இன்னும் விளங்கும். மலாயாவிலேயே பணக்கார ஊராட்சி மன்றம் இதுதான். மின்சாரம் மன்றத்துடையது, தண்ணீர் மன்றத்துடையது, பஸ் மன்றத்துடையது. 1961 வரை டிராலி பஸ் ஓடியது, மேலே இரட்டைக் கம்பியைத் தொட்டுக்கொண்டு சத்தமே இல்லாமல் வந்து நிற்கும். 1962-இல் முடிந்த ஆயர் ஈத்தாம் அணைக்கட்டும் மாநகர் மன்றம் கட்டியதுதான். மன்றத்தின் ஆண்டு வருமானம் மாநில அரசின் வருமானத்தைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. தன் மாநிலத்துக்குள்ளேயே தன்னைவிடப் பணக்கார எதிர்க்கட்சி மன்றம் ஒன்று கடற்கரைத் திடலுக்கு எதிரே வெள்ளை மாளிகையில் உட்கார்ந்திருப்பதை எந்த முதலமைச்சர் எத்தனை நாள் பொறுத்துக்கொள்வார்?

சட்டக்கண்:

பெரியவர் வைத்த வரிசையில் ஒரு தேதியைச் சேர்க்கிறேன். 1965 தொடக்கத்தில், தேர்தல் நிறுத்தப்படுவதற்குச் சில வாரங்களுக்கு முன்பு, எதிர்க்கட்சித் தலைவர்கள் பலர் உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டத்தில் கைதானார்கள். தொழிற்கட்சியின் இஸ்ஹாக் ஹாஜி முகமட், முன்னாள் அமைச்சர் அப்துல் அஜீஸ் இஸ்ஹாக், இஸ்லாமியக் கட்சியான பாஸின் புர்ஹானுடின் அல்-ஹெல்மி எல்லாரும் அதில் அடக்கம். இந்தோனேசியாவோடு தொடர்பு என்பது குற்றச்சாட்டு. போர்ச்சூழல் உண்மையானதுதான், ஜொகூரில் இந்தோனேசியப் படையினர் தரையிறங்கியே இருந்தார்கள். தேர்தலைத் தள்ளிவைத்ததை நான் குறை சொல்லமாட்டேன். தள்ளிவைத்ததைத் திரும்ப எடுக்காததுதான் கேள்வி.

இனி, நம் ஆட்களுக்கு முக்கியமான ஒரு பெயர்: ஆதி நாகப்பன். செனட்டராக இருந்த தமிழ் வழக்கறிஞர். அவருடைய மனைவி ஜானகி, நேதாஜியின் ஜான்சி ராணிப் படையில் பணியாற்றியவர். தேர்தல் நின்ற அதே 1965-இல் மேற்கு மலேசியாவின் ஊராட்சி மன்றங்களை ஆராய ஆதி நாகப்பன் தலைமையில் அரச விசாரணை ஆணையம் அமைந்தது. அறிக்கை 1968 கடைசியில் முடிந்தது. 1971 கடைசி வரை அரசு அதை வெளியிடவில்லை.

நடைமுறைக்காரர் சொல்கிற சீர்கேட்டை எல்லாம் அந்த ஆணையம் கேட்டது, பார்த்தது, பதிவும் செய்தது. பிறகு அது சொன்ன பரிந்துரை, தேர்தல் தொடர வேண்டும் என்பது. ஆளும் கூட்டணியைச் சேர்ந்த ஒருவர் தலைமையில் அமைந்த ஆணையம் இப்படிச் சொல்லும் என்று அரசு எதிர்பார்த்திருக்காது. பிரதமர் துறையின் கீழ் இருந்த வளர்ச்சி நிர்வாகப் பிரிவு அறிக்கையைப் படித்துவிட்டு, கீழ்மட்டத்தில் இவ்வளவு அரசியல் தேவையில்லை என்று முடிவு கட்டியது. 1973-இல் தற்காலிகச் சட்டம், 1976-இல் ஊராட்சிச் சட்டம். அதன் 15-ஆவது பிரிவில் ஒரு வாக்கியம்: வேறு எந்தச் சட்டத்தில் என்ன இருந்தாலும், ஊராட்சித் தேர்தல் பற்றிய எல்லா ஏற்பாடுகளும் செல்லாது. அவ்வளவுதான்.

10-ஆவது பிரிவு என்ன சொல்கிறது என்றால், மேயர் அல்லது தலைவர், அவரோடு எட்டிலிருந்து இருபத்து நான்கு வரை உறுப்பினர்கள், நியமிப்பது மாநில அரசு, ஒரு தவணைக்கு மூன்று ஆண்டுக்கு மேல் இல்லை. பட்டர்வொர்த்காரரின் கவுன்சிலர் காணாமல் போனது இப்படித்தான்.

ஈப்போ மகள்:

பினாங்கைப் பற்றியே பேசுகிறீர்கள். எங்கள் ஊரில் சீனிவாசகம் சகோதரர்கள் இருந்தார்கள் என்பதை நினைவூட்டுகிறேன். டி.ஆர். சீனிவாசகமும் எஸ்.பி. சீனிவாசகமும், இருவரும் வழக்கறிஞர்கள். மக்கள் முற்போக்குக் கட்சியை 1953-இல் தொடங்கி, ஐம்பதுகளின் கடைசியில் ஈப்போ மன்றத்தைக் கையில் எடுத்தார்கள். தமிழ்த் தலைவர்கள், வாக்களித்தவர்களில் பெரும்பாலோர் சீனர்கள். எங்கள் பாட்டிக்கு டி.ஆர். என்றால் போதும், முழுப்பெயர் தேவையில்லை. அவர் பெயரில் பூங்கா இருக்கிறது, மாலையில் நடைப்பயிற்சி போகிறவர்களில் பாதிப் பேருக்கு அது யார் பெயர் என்று தெரியாது.

அந்த இரண்டு ஊரையும் சேர்த்துப் பாருங்கள். ஊராட்சித் தேர்தல் இருந்த காலத்தில் தமிழர்கள் தங்கள் இன எண்ணிக்கையை மீறித் தலைமைக்கு வந்திருக்கிறார்கள். கீழ்மட்டத்தில் முகம் பார்த்து, வேலை பார்த்து வாக்குப் போட்டார்கள் என்றுதானே அர்த்தம்?

நடைமுறைக்காரன்:

அம்மா, அது தனிமனிதர்களின் செல்வாக்கு. அதை வைத்து விதி எழுத முடியாது. மேலும் இனப் பிரச்சினையை நீங்கள் எல்லாரும் தாண்டிக் குதிக்கிறீர்கள். 2015-இல் பாஸ் தலைவர் ஹாடி அவாங் ஊராட்சித் தேர்தல் மே 13 இனக்கலவரம் போன்ற நிலைமையைக் கொண்டுவரும் என்றார். 2018 டிசம்பரில் அன்றைய பிரதமர் மகாதீரும் இனப் பிளவு வரும் என்று சொல்லி அதை மூடிவைத்தார், அவருடைய அமைச்சரே மூன்று ஆண்டில் தேர்தல் நடக்கும் என்று சொல்லியிருந்த நேரத்தில். இரண்டு எதிரெதிர் அணியில் இருந்தவர்கள் ஒரே கருத்தைச் சொன்னால் அதில் ஏதோ இருக்கிறது. நகரங்களில் ஒரு இனத்தின் கை ஓங்கும் என்ற அச்சத்தைப் பொய் என்று தள்ளிவிட முடியாது.

சட்டக்கண்:

மே 13 நடந்தது 1969-இல், கோலாலம்பூரில். அங்கே தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றம் 1961-லேயே போய்விட்டது. கூட்டரசுத் தலைநகர்ச் சட்டம் என்று 1960-இல் ஒன்றை இயற்றி, ஆணையர் ஒருவரை உட்கார வைத்தார்கள். எட்டு ஆண்டாக ஊராட்சித் தேர்தலே இல்லாத நகரத்தில் நடந்த கலவரத்தை ஊராட்சித் தேர்தலின் கணக்கில் எழுதுவது எந்த ஊர் நியாயம்?

அதே கோலாலம்பூரில் 1952 பிப்ரவரியில் நடந்த மன்றத் தேர்தலில்தான் அம்னோவும் மசீசவும் முதன்முதலாகக் கைகோத்து நின்றன. 12 இடங்களில் ஒன்பது. அம்னோவை விட்டு வெளியேறிய டத்தோ ஓனின் கட்சிக்கு இரண்டு. பிறகு இந்த நாட்டைப் பல பத்தாண்டு ஆண்ட கூட்டணி பிறந்தது ஒரு முனிசிபல் தேர்தலில். இனங்களைப் பிரித்த கணக்கு எங்கே, சேர்த்த கணக்கு எங்கே என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

நடைமுறைக்காரன்:

கோலாலம்பூர் விஷயத்தில் உங்கள் தேதி சரி, ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். ஆனால் கைகோத்தது இனக்கட்சிகள், இனக்கட்சிகளாகவே. அதைச் சேர்த்த கணக்கு என்று எழுத நான் தயங்குவேன்.

தஞ்சோங் பெரியவர்:

நீங்கள் தயங்குவதில் நியாயம் இருக்கிறது. எங்கள் ஊரின் சோசலிச முன்னணிகூட உள்ளுக்குள் அமைதியாக இருக்கவில்லை. ஆங்கிலப் படிப்பாளிகள் ஒரு பக்கம், சீனப்பள்ளிகளில் படித்தவர்கள் ஒரு பக்கம், மொழிக் கொள்கை, மலேசியா அமைப்பு என்று எதை எடுத்தாலும் இழுபறி. 1966-இல் முன்னணியே உடைந்தது. 1969-இல் தொழிற்கட்சி தேர்தலையே புறக்கணித்தது.

அப்படிக் காலியான இடத்தில் வந்து நின்றவர் யார்? கெராக்கான் என்ற புதுக்கட்சியோடு டாக்டர் லிம் சோங் யூ! 1951-இல் ராடிக்கல் தலைவர், பிறகு மசீச தலைவர், பிறகு யூடிபி என்ற ஐக்கிய ஜனநாயகக் கட்சி, 1968-இல் கெராக்கான். 1969-இல் 24-க்கு 16 இடம், முதலமைச்சர். 1990 வரை அசையவில்லை. அவர் காலத்தில்தான், 1974-இல், மாநகர் மன்றத்தையும் தீவின் மற்றப் பகுதிகளைப் பார்த்துக்கொண்ட ஊரக மாவட்ட மன்றத்தையும் ஒன்றாக்கி, பினாங்குத் தீவு நகராண்மைக் கழகத்துக்கு வழி செய்தார்கள். போருக்குப் பிந்தைய மலாயாவின் முதல் முனிசிபல் தேர்தலை வென்ற கட்சியின் தலைவர், தன் வாழ்நாளின் அடுத்த பாதியில், அதே மன்றம் மறைவதைப் பதவியில் இருந்தபடியே பார்த்தார். தொழிற்சாலைகளைக் கொண்டுவந்தார், பாலம் வந்தது, கொம்தார் கோபுரம் எழும்பியது, அதையெல்லாம் யாரும் மறுக்க முடியாது. ஆனால் அந்தத் தேர்தலைத் திரும்பக் கொண்டுவர ஒரு விரலை அசைத்தாரா? நான் பார்க்கவில்லை.

மின்சாரத்தை 1976-இல் தேசிய மின்சார வாரியம் எடுத்துக்கொண்டது. தண்ணீரும் மன்றத்தின் கையைவிட்டுப் போனது. வருமானம் வரும் துறைகள் ஒவ்வொன்றாகப் போக, குப்பையும் கால்வாயும் மிஞ்சின.

மட்டறுத்துநர்:

நண்பர்களே, இன்றைய கட்சிகளைப் பற்றிய மூன்று பதிவுகளை நீக்கியிருக்கிறேன். தனிமனிதத் தாக்குதல் வேண்டாம். வரலாற்றோடு நில்லுங்கள், நன்றாகப் போய்க்கொண்டிருக்கிறது.

தீக்குஸ் வாசகன்:

படிக்கப் படிக்கத் தலை சுற்றுகிறது. ஒரு கேள்வி. 2008-இல் பினாங்கில் ஆட்சி மாறியதே, அப்போது இதைப் பற்றி எதுவும் செய்யவில்லையா? ஊராட்சித் தேர்தலைத் திரும்பக் கொண்டுவருவோம் என்று சொல்லித்தானே வந்தார்கள்?

சட்டக்கண்:

செய்தார்கள், முடியவில்லை. அரசு சாரா அமைப்புகளின் பிரதிநிதிகளுக்கு மன்றத்தில் சில இடங்களை ஒதுக்கியது ஒரு பக்கம். சிலர் நன்றாகவே கேள்வி கேட்டார்கள், குறிப்பாக மலைச்சரிவுக் கட்டுமான விவகாரத்தில். ஆனால் அதுவும் நியமனம்தான்.

பெரிய முயற்சி 2012-இல் நடந்தது. தீவுக்கும் எதிர்க்கரையில் உள்ள செபராங் பிறைக்கும் ஊராட்சித் தேர்தல் நடத்த வழிசெய்யும் சட்டம் ஒன்றைப் பினாங்குச் சட்டமன்றம் நிறைவேற்றியது. வழக்கு கூட்டரசு நீதிமன்றம் வரை போனது. 2014 ஆகஸ்டில் தீர்ப்பு வந்தது, மாநிலத்துக்குப் பாதகமாக.

இதில் எனக்கு இன்றுவரை ஜீரணமாகாத இடம் ஒன்று இருக்கிறது. அரசியலமைப்பின் ஒன்பதாவது அட்டவணையில் ஊராட்சி என்பது மாநிலப் பட்டியலில் இருக்கிறது. மாநிலத்தின் விஷயம் என்றுதான் சாதாரணமாகப் படிக்கிறவர்கள் நினைப்பார்கள். ஆனால் 76-ஆவது பிரிவின் நான்காம் உட்பிரிவு, நிலம், ஊராட்சி இரண்டிலும் நாடு முழுக்க ஒரே சீரான சட்டம் வேண்டுமென்றால் நாடாளுமன்றம் இயற்றலாம் என்கிறது. 1976 சட்டம் அந்த வாசல் வழியாக உள்ளே வந்தது. வந்த பிறகு மாநிலம் தன் வீட்டுக்குள் தானே தேர்தல் நடத்த முடியாமல் போய்விட்டது.

பட்டர்வொர்த் கரையோரம்:

அப்படியானால் மன்றத்துக்கு மாநகர் தகுதி 2015-இல் திரும்பக் கொடுத்தார்களே, அதில் மக்களுக்குக் கிடைத்தது என்ன? பெயர்ப் பலகை மாற்றியதா?

தஞ்சோங் பெரியவர்:

1957-இல் மகாராணி கொடுத்ததை யாரும் திரும்ப வாங்கவில்லை, அதனால் ஜார்ஜ்டவுன் எப்போதும் மாநகர்தான் என்று வாதாடுகிற பாரம்பரியப் பிரியர்கள் இங்கே நிறையப் பேர். அவர்கள் முன்னால் "திரும்பக் கொடுத்தார்கள்" என்று சொல்லிவிடாதீர்கள்! 2015-இல் மாநகர் ஆனது முழுத் தீவு. அந்தத் தீவு மாநகரின் முதல் மேயராகப் பொறுப்பேற்றவர் பத்தாஹியா இஸ்மாயில், பெண்மணி. 2023-இல் மேயர் நாற்காலிக்கு வந்தவர் ராஜேந்திரன். ராமநாதனுக்குப் பிறகு அந்த நாற்காலிக்கு வந்த இந்தியர். நம் பத்திரிகைகள் மகிழ்ச்சியோடு எழுதின, எனக்கும் மகிழ்ச்சிதான். ராமநாதன் வாக்குக் கேட்டு வீடு வீடாகப் போய் வந்தவர், ராஜேந்திரன் நியமனக் கடிதத்தில் வந்தவர். அது அவருடைய குறை இல்லை.

நடைமுறைக்காரன்:

பெரியவர் சொன்ன "முழுத் தீவு" என்பதைப் பிடித்துக்கொள்கிறேன். 1957-இன் மாநகர் எல்லை சின்னது, நகரப்பகுதி மட்டும். இன்றைய மன்றத்துக்குள் பாயான் லெப்பாஸ், பாலிக் பூலாவ் எல்லாம் வருகின்றன. மலாய்க்காரர் வாக்குகள் கணிசம், ஆலைத் தொழிலாளர், வெளியூரிலிருந்து வந்து குடியேறியவர்கள் என்று வாக்காளரின் முகமே வேறு. ஆகவே பழைய முடிவுகளை வைத்துப் புதிய தேர்தலைப் பற்றி இரண்டு தரப்பும் பேச முடியாது. ஒரு இனத்தின் கைக்குப் போய்விடும் என்பவர்களுக்கும் அது பொருந்தும், ராமநாதன் காலம் திரும்பிவிடும் என்பவர்களுக்கும் பொருந்தும்.

தேர்தல் வந்தால் எனக்கு இரண்டு நிபந்தனை. ஆண்டுதோறும் நடத்தும் கூத்து வேண்டாம், நான்கைந்து ஆண்டுக்கு ஒருமுறை போதும். வட்டார எல்லையைக் கட்சிக்காரர்கள் கீறக் கூடாது.

ஈப்போ மகள்:

அடடே, நடைமுறைக்காரர் தேர்தலுக்கு நிபந்தனை போடுகிற அளவுக்கு வந்துவிட்டார்.

நடைமுறைக்காரன்:

நிபந்தனை போடுவது எதிர்ப்பவனின் உரிமை அம்மா. மேலும் ஒரு சந்தேகம்: இதற்கு அரசியலமைப்பைத் திருத்த வேண்டுமா? மூன்றில் இரண்டு பங்கு வேண்டுமென்றால் இந்தப் பேச்சே வீண்.

சட்டக்கண்:

வேண்டியதில்லை. 1976 சட்டம் சாதாரணச் சட்டம். 15-ஆவது பிரிவை நீக்கி, 10-ஆவது பிரிவைத் திருத்த மக்களவையில் சாதாரணப் பெரும்பான்மை போதும். தேர்தலை நடத்தும் வேலையைத் தேர்தல் ஆணையத்திடம் கொடுக்க அரசியலமைப்பின் 113-ஆவது பிரிவில் ஏற்கெனவே வழி இருக்கிறது. கோலாலம்பூருக்குத் தனிச் சட்டம் என்பதால் அதைத் தனியாகத் திருத்த வேண்டும். 1976-க்குப் பிறகு வந்த ஒவ்வொரு அரசிடமும் இந்த எண்ணிக்கை இருந்தது.

தீக்குஸ் வாசகன்:

பழைய தேர்தல் முடிவுகளை வட்டாரவாரியாகப் பார்க்க வேண்டுமானால் எங்கே போவது? யார் யார் நின்றார்கள், எத்தனை வாக்கு என்று.

சட்டக்கண்:

சிங்கப்பூர் தேசிய நூலகம் பழைய நாளிதழ்களை இணையத்தில் இலவசமாகப் போட்டிருக்கிறது. 1951 டிசம்பர் முதல் வாரத்து ஸ்ட்ரெய்ட்ஸ் டைம்ஸை எடுங்கள். பிறகு ஒவ்வோர் ஆண்டின் கடைசியையும் தேடுங்கள். ஆங்கிலத்தில் "முனிசிபல் எலெக்ஷன், பினாங்" என்று போட்டாலே கொட்டும். பெயர்களின் எழுத்துக்கூட்டல் அச்சுக்கு அச்சு மாறும், ராமநாதனையே இரண்டு மூன்று விதமாகத் தேடிப் பாருங்கள்.

தஞ்சோங் பெரியவர்:

தமிழில் தேடுவதாக இருந்தால் அந்தக் காலத்துத் தமிழ் நேசன், தமிழ் முரசு. தேர்தலுக்கு மறுநாள் இதழை மட்டும் பார்த்தால் போதாது. முந்தின வாரத்து விளம்பரப் பக்கங்களைப் பாருங்கள், யார் யாருக்கு ஆதரவு கேட்டார்கள் என்பது அங்கேதான் இருக்கும்.

ஈப்போ மகள்:

மட்டறுத்துநர் ஐயா, ஈப்போவுக்குத் தனி இழை தொடங்கலாமா? டி.ஆர். நாடாளுமன்றத்தில் பேசியதையும் மன்றத்தில் செய்ததையும் இங்கே நுழைத்தால் பினாங்குக்காரர்கள் கோபித்துக்கொள்வார்கள்.

மட்டறுத்துநர்:

தொடங்குங்கள். தலைப்பில் ஆண்டைக் குறிப்பிடுங்கள், தேடுகிறவர்களுக்கு உதவும். இந்த இழை திறந்தே இருக்கும்.